லிகமென்ட் கிழிந்த முழங்காலும் பனிச்சறுக்கும்: பிரேஸ் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

குளிர்கால விளையாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். முன்னணி வீராங்கனை ஒருவர் பனியில் விழுகிறார். முழங்கால் எலும்புகளைக் கட்டிவைக்கும் நாரான லிகமென்ட் கிழிந்துவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. சில வாரம் கழித்துப் பார்த்தால் அவர் முழங்காலைச் சுற்றிப் பிடிக்கும் பிரேஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கிக்கொண்டிருக்கிறார். இதே காயத்தோடு நாம் போனால் டாக்டர் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்கிறார். அப்படியானால் அந்தப் பிரேஸில் என்னதான் இருக்கிறது?

பலரும் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. எந்த லிகமென்ட், எவ்வளவு கிழிந்தது, சுற்றியுள்ள தசை என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே பிரேஸ் ஒருவருக்குப் பெரிய உதவியாகவும் இன்னொருவருக்கு வெறும் தைரியமாகவும் அமையும். எல்லாருக்கும் தெரிந்த மூன்று சம்பவங்களில் இருந்து தொடங்கலாம்.

1. அமெரிக்காவின் லிண்ட்சி வான், 2013. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் விழுந்தபோது வலது முழங்காலில் ஏசிஎல், எம்சிஎல் என்ற இரண்டு லிகமென்ட்களும் கிழிந்தன. எலும்பும் முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து தேறி வந்தவர் நவம்பர் மாதப் பயிற்சியில் மறுபடி விழுந்தார். சரிசெய்த ஏசிஎல் ஓரளவு கிழிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் கனடாவின் லேக் லூயிஸில் போட்டிக்குத் திரும்பி, சூப்பர்-ஜி பந்தயத்தில் 5-ஆம் இடம் பிடித்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிரான்சின் வால் டிசேரில் பிரேஸோடு சறுக்கும்போது அதே முழங்கால் நழுவியது. 2014 சோச்சி ஒலிம்பிக் கைவிட்டுப் போனது.

2. அதே வான், 2019. முந்தைய நவம்பரில் நடந்த பயிற்சியில் இடது முழங்காலின் எல்சிஎல் என்ற லிகமென்ட் கிழிந்திருந்தது. எலும்பிலும் முறிவு. பிப்ரவரியில் ஸ்வீடனின் ஓரே உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு முழங்காலிலும் பிரேஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். டவுன்ஹில் என்ற அதிவேகப் பந்தயத்தில் வெண்கலம்.

3. இத்தாலியின் சோஃபியா கோஜா, 2022. ஜனவரி 23 அன்று கோர்தினாவில் விழுந்தார். இடது முழங்கால் ஏசிஎல்லில் பகுதிக் கிழிவு, கீழ்க்காலின் சிறு எலும்பில் லேசான முறிவு. பிப்ரவரி 15 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக் டவுன்ஹில்லில் வெள்ளி வாங்கினார். தங்கத்துக்கும் அவருக்கும் இடையே 0.16 விநாடிதான்.

மூன்றும் 'முழங்கால் லிகமென்ட் காயம்' என்ற ஒரே தலைப்பில் வந்த செய்திகள். உள்ளே நடந்தது மூன்றும் வேறு வேறு.

முழங்காலைக் கட்டி வைத்திருப்பவை

தொடை எலும்பின் உருண்டையான அடிப்பகுதி, கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இடுப்பில் பந்து குழிக்குள் பொருந்தி நிற்பதுபோல இங்கே எந்தப் பொருத்தமும் கிடையாது. எலும்பின் வடிவம் தராத பிடிமானத்தை நார்களும் தசைகளும்தான் தர வேண்டும். எலும்பை எலும்போடு கட்டும் அந்த நார்தான் லிகமென்ட். முக்கியமானவை நான்கு:

1. ஏசிஎல்: மூட்டின் நடுவே சாய்வாக ஓடுகிறது. கீழ்க்கால் முன்பக்கம் நழுவாமலும் உள்பக்கம் அதிகமாகத் திருகாமலும் பிடித்துக்கொள்கிறது.
2. பிசிஎல்: ஏசிஎல்லுக்குக் குறுக்கே போகிறது. கீழ்க்கால் பின்பக்கம் தள்ளப்படாமல் பார்த்துக்கொள்கிறது.
3. எம்சிஎல்: உள்பக்க ஓரம். முழங்கால் உள்நோக்கி மடங்குவதைத் தடுக்கிறது.
4. எல்சிஎல்: வெளிப்பக்க ஓரம். முழங்கால் வெளிநோக்கி வளைவதைத் தடுக்கிறது.

இவற்றோடு, இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் பிறை வடிவ ஜவ்வுகள் இரண்டு. அவை மெனிஸ்கஸ்.

இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. எம்சிஎல் மூட்டுக்கு வெளியே, நல்ல இரத்த ஓட்டமுள்ள இடத்தில் இருக்கிறது. கிழிந்தாலும் பெரும்பாலும் அறுவை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஏசிஎல் மூட்டுக்குள் இருப்பது. முழுதாக அறுந்தால் இரு முனைகளும் தாமாகச் சேர்வது அரிது. அதனால்தான் வேறு இடத்தில் இருந்து நாண் எடுத்துப் புதிதாகப் பொருத்துகிறார்கள்.

ஏசிஎல் மெல்லிய சமாச்சாரம் அல்ல. இளம் வயதினரின் ஏசிஎல்லை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தபோது அறுவதற்குச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. அதாவது சுமார் 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பிரேஸைப் பற்றிப் பேசும்போது இந்த எண் மறுபடி தேவைப்படும்.

பனியில் அது எப்படிக் கிழிகிறது

கால்பந்தில் கிழிவதும் பனியில் கிழிவதும் ஒன்றல்ல. பனிச்சறுக்கில் பாதத்தோடு ஸ்கீ என்ற சறுக்குப் பலகை, ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு நெம்புகோலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. கணுக்காலைக் கெட்டியான பூட் கவ்விப் பிடித்திருக்கிறது. திருகும் விசை கணுக்காலில் கரைய வழியில்லாததால் நேராக மேலே ஏறி முழங்காலில் வந்து நிற்கிறது.

பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கும் கருவி பைண்டிங். விசை ஓர் அளவைத் தாண்டினால் அது கழன்று பூட்டை விட்டுவிடும். 1970-களுக்குப் பிறகு பைண்டிங்குகள் மேம்பட்டதால் கீழ்க்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. ஏசிஎல் கிழிவுகள் அப்படிக் குறையவில்லை. காரணம், சாதாரண பைண்டிங் முன்னால் விரல் பக்கத்தில் இடமும் வலமும் கழலும், பின்னால் குதிகால் மேல்நோக்கிக் கழலும். எலும்பை முறிக்கும் விசைகளை உணரத்தான் அது வடிவமைக்கப்பட்டது. முழங்காலைத் திருகும் விசை பல நேரம் வேறு வழியில் வருகிறது.

பொழுதுபோக்குக்குச் சறுக்குபவர்களிடம் அதிகம் காணப்படும் வழிக்கு 'ஃபேன்டம் ஃபுட்' என்று பெயர். சறுக்குபவர் நிலைகுலைந்து பின்பக்கம் சாய்கிறார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. மேட்டுப் பக்கக் கை பின்னால் வீசப்படுகிறது. எடை முழுதும் பள்ளத்துப் பக்க ஸ்கீயின் வால்பகுதியில், அதன் உள்விளிம்பில் இறங்குகிறது. அந்த வால்பகுதி பனியைக் கவ்வியதும், பின்னோக்கி நீளும் இன்னொரு பாதம்போல வேலைசெய்து கீழ்க்காலை உள்பக்கம் திருகிவிடுகிறது. விசை பூட்டுக்குப் பின்னால் இருந்து வருவதால் விரல் பக்கப் பைண்டிங்குக்கு அது சரியாகத் தெரிவதே இல்லை. இந்தக் குறையைச் சரிக்கட்ட, குதிகால் பக்கத்திலும் பக்கவாட்டில் கழலும் பைண்டிங்குகள் சில இப்போது விற்பனைக்கு வந்திருக்கின்றன.

பந்தய வீரர்களுக்கு நடப்பது வேறு. உலகக் கோப்பைப் போட்டிகளின் வீடியோக்களை ஆராய்ந்த நார்வே குழு, பெரும்பாலான ஏசிஎல் கிழிவுகள் விழுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன என்று காட்டியது. திருப்பத்தில் வெளிப்பக்க ஸ்கீ பிடியை இழக்கிறது. வீரர் காலை நீட்டி அதை மறுபடி பனியில் பதிக்கப் பார்க்கிறார். உள்விளிம்பு சட்டென்று கவ்வுகிறது. முழங்கால் உள்நோக்கி மடங்கித் திருகுகிறது. எல்லாம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய விழுதல் அதற்கு அப்புறம் வருவது.

புதிதாகக் கற்பவர்களுக்கு வருவது பெரும்பாலும் எம்சிஎல் காயம். ஸ்கீயின் முனைகளை ஒன்றுசேர்த்து வேகத்தைக் குறைக்கும் நிலையில் கால்கள் அகன்றுபோய் முழங்காலின் உள்பக்கம் திறந்துகொள்கிறது. நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் பள்ளிப் பனி முகாமுக்குப் போய்வரும் பிள்ளைகளின் பெற்றோர் ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எம்சிஎல் என்று மட்டும் இருந்தால் கதை பெரும்பாலும் வாரக் கணக்கில் முடியும். ஏசிஎல் என்று இருந்தால் மாதக் கணக்கு.

கடையில் 'பிரேஸ்' என்று விற்கப்படுபவை

1. நீ கேப்: இழுவைத் துணியாலோ நியோப்ரீனாலோ ஆன உறை. சூடு தரும், வீக்கத்தை லேசாக அமுக்கும், முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வைக் கொஞ்சம் கூட்டும். லிகமென்ட்டுக்கு மாற்று அல்ல.
2. அறுவைக்குப் பின் மாட்டுவது: தொடை முதல் கெண்டைக்கால் வரை நீளமானது. எத்தனை டிகிரி மடக்கலாம் என்று பூட்டிவைக்க முடியும். நடமாட ஆரம்பிக்கும் வாரங்களுக்கு உரியது.
3. ஃபங்ஷனல் பிரேஸ்: கார்பன் இழை அல்லது அலுமினியச் சட்டம், இரு பக்கமும் கீல், நாலைந்து பட்டைகள். டான்ஜாய், ஓசூர் போன்ற நிறுவனங்கள் செய்பவை. பனிச்சறுக்கில் பிரேஸ் என்று பேசினால் இதைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் இனி அப்படியே.
4. அன்லோடர்: தேய்மானம் உள்ள மூட்டின் ஒரு பக்கத்தில் பாரத்தைக் குறைப்பது. நோக்கமே வேறு.

சட்டம் எலும்பைப் பிடிப்பதில்லை

பிரேஸ் பற்றிய தவறான நம்பிக்கைகள் எல்லாம் ஓர் எளிய உண்மையை மறப்பதில் இருந்து வருகின்றன. லிகமென்ட் எலும்போடு ஒட்டியிருக்கிறது. பிரேஸ் தோலோடு ஒட்டியிருக்கிறது. நடுவில் தோல், கொழுப்பு, தசை என்று மெத்தென்ற அடுக்குகள். கார்பன் சட்டம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், எலும்பு நகர்ந்து அந்த அடுக்குகளை அமுக்கிய பிறகுதான் சட்டத்துக்கே விசை போய்ச் சேரும். ஏசிஎல் கிழிவதற்கு எலும்பு சில மில்லிமீட்டர் தவறாக நகர்ந்தாலே போதும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பேனன் குழு 1990-களில் இதை நேரடியாகவே அளந்தது. சம்மதித்த ஆட்களின் ஏசிஎல் மேல் சிறு உணர்கருவியைப் பொருத்தி, பிரேஸோடும் பிரேஸ் இல்லாமலும் இழுவிசையைப் பார்த்தார்கள். குறைந்த விசைகளில் பிரேஸ் ஏசிஎல்லின் சுமையை உண்மையிலேயே குறைத்தது. ஆனால் அந்தச் சோதனையில் பாதுகாப்பாகத் தர முடிந்த விசைகள் நூறு நியூட்டன் சொச்சம்தான். ஏசிஎல்லை அறுக்கும் விசை அதைப்போல பத்து மடங்குக்கும் மேல். சோதனையில் தெரிந்த பாதுகாப்பை அப்படியே பந்தயச் சரிவுக்குக் கொண்டுபோக முடியாது.

திசையும் முக்கியம். இரு பக்கமும் கம்பி உள்ள பிரேஸ், முழங்கால் பக்கவாட்டில் மடங்குவதை நன்றாகவே எதிர்க்கும். முன்னால் நழுவுவதை ஓரளவு. திருகுவதை மிகக் குறைவாக. ஆகவே எம்சிஎல், எல்சிஎல் காயங்களுக்கு அது இயற்கையாகவே பொருந்துகிறது. ஏசிஎல்லுக்கு அதன் பலவீனமான திசையில்தான் வேலை வருகிறது. கீலில் ஒரு தடை வைத்துக் காலை முழுதாக நீட்ட விடாமல் கடைசிச் சில டிகிரிகளை நிறுத்திவிடலாம். நீட்டிய காலில் வரும் சில அசைவுகளை அது தடுக்கும் என்பதால் ஏசிஎல் நோயாளிகளுக்கு இது பயன்.

செலவும் உண்டு. பட்டைகளை இறுக்கினால் கீழ்க்கால் தசைக்குள் அழுத்தம் கூடி, தசை சீக்கிரம் களைக்கும். களைத்த தசையோடு சறுக்குவது எவ்வளவு ஆபத்து என்பது கீழே வருகிறது.

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன

எலும்பியல் டாக்டர்கள் இருவரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். இருவரும் கையில் ஆய்வு வைத்திருப்பார்கள். முக்கியமானவை மூன்று.

1. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேல் என்ற ஊரில், பனிச்சறுக்குத் தொழிலாளர்களாக இருந்த 180 பேரை ஒரு குழு கவனித்தது. எல்லாருக்கும் ஏசிஎல் அறுந்து, அறுவை செய்யாத முழங்கால். பிரேஸ் போட்ட 101 பேரில் 2 பேருக்கும், போடாத 79 பேரில் 10 பேருக்கும் மறுபடி முழங்கால் காயம் வந்தது. வெளியான ஆண்டு 2003.

2. அதே ஊர், 2006. இந்த முறை ஏசிஎல் அறுவை செய்துகொண்ட 820 ஊழியர்கள். பிரேஸ் போட்ட 257 பேரில் 10 காயங்கள், போடாத 563 பேரில் 51. போடாதவர்களுக்கு ஆபத்து சுமார் 2.7 மடங்கு.

3. அமெரிக்க ராணுவக் கல்விக்கூடங்களில் ஏசிஎல் அறுவை செய்துகொண்ட 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பிரேஸ் கொடுத்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை.

மூன்றாவது ஆய்வின் முறை வலுவானது. முதல் இரண்டிலும் யார் பிரேஸ் போடுவது என்று குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பிரேஸ் போடுபவர் இயல்பிலேயே நிதானமாகச் சறுக்குபவராக இருக்கலாம். அப்போது காயம் குறைந்ததற்குக் காரணம் பிரேஸா, அவருடைய சுபாவமா என்று பிரிக்க முடியாது. ஆனால் மூன்றாவது ஆய்வில் இருந்தவர்கள் ஓடுபவர்கள், குதிப்பவர்கள். பாதத்தில் நீளமான நெம்புகோல் பூட்டிக்கொள்ளாதவர்கள். பனிச்சறுக்கில் நடுத்தர விசைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எடைக் குறைவான ஒரு சட்டம் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வதற்கு இங்கே வாய்ப்பு அதிகம்.

என் கணிப்பு இது. மற்ற விளையாட்டுகளைவிடப் பனிச்சறுக்கில் பிரேஸுக்கு ஆதரவான சான்று கொஞ்சம் கூடுதல். அறுவைக்குப் பின் வரும் முதல் பருவத்தில் டாக்டர் போடச் சொன்னால் போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பனிக்குத் திரும்பும் தேதியை ஒரு நாள்கூட முன்னால் இழுக்கும் தகுதி அதற்குக் கிடையாது.

மூன்று சம்பவங்கள், இப்போது

2019-இல் வானுக்குக் கிழிந்திருந்தது எல்சிஎல், பக்கவாட்டு நார். பிரேஸின் கம்பிகள் எதிர்க்கும் திசையே அதுதான். கோஜாவுக்கு ஏசிஎல் முழுதாக அறவில்லை. மீதமிருந்த நார்களும், உலகத் தரத்தில் வளர்ந்த தொடைத் தசையும் மூட்டைப் பிடித்தன. தொடையின் பின்பக்கத் தசை கீழ்க்காலைப் பின்னால் இழுப்பதால், அது ஏசிஎல்லின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடும். முழு ஏசிஎல் அறுந்தும் முழங்கால் நழுவாமல் சமாளிப்பவர்கள் சிலர் இருப்பதும் இதனால்தான். 2013-இல் வானின் நிலைமை மோசம். அறுவை முடிந்து ஆண்டே ஆகாத, மறுபடி கிழிந்த ஏசிஎல். பிரேஸ் பலவீனமாக இருக்கும் திசையில்தான் அங்கே எல்லாச் சுமையும் விழுந்தது. லேக் லூயிஸில் 5-ஆம் இடம் வந்ததால் முழங்கால் தாங்கும் என்று தோன்றியிருக்கலாம். நழுவாத ஒரு நாளை வைத்து அடுத்த நாளைக் கணிக்க முடியாது என்பது ஏசிஎல் இல்லாத முழங்காலின் குணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் என்பது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அதற்காக அவர்கள் தெரிந்தே ஒரு விலை கொடுக்கிறார்கள். மெனிஸ்கஸ் கிழிவது, வயதானபின் தேய்மானம் வருவது எல்லாம் அந்த விலையில் அடக்கம். வான் 2024-இல் வலது முழங்காலில் பகுதி மூட்டு மாற்று செய்துகொண்டார். வருடத்துக்கு ஒரு வாரம் விடுமுறைக்குப் போய்ச் சறுக்குபவர் அந்த விலையைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

ஒன்பது மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது

ஏசிஎல்லுக்குப் பதிலாகப் பொருத்தும் நாண் முதல் நாளில் நல்ல பலமாகத்தான் இருக்கும். அப்புறம் அதன் செல்கள் பெருமளவு மடிந்து, புது இரத்த நாளங்கள் உள்ளே வளர்ந்து, மெல்ல மெல்ல லிகமென்ட் போன்ற ஒன்றாக மாறுகிறது. இந்த மாற்றத்தின் நடுவே, ஆறாவது வாரத்தில் இருந்து மூன்றாவது மாதம் வரை, அது மிகவும் பலவீனமாக இருக்கும். அதே காலத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், நோயாளிக்கு 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். முழு முதிர்ச்சிக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. திருப்பமும் குதிப்பும் உள்ள விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைந்தது. தேர்வுகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதத்தினருக்கு மறுகாயம், தேறியவர்களில் 6 சதவீதத்தினருக்கு. நாள்காட்டி மட்டும் போதாது, தேர்வும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

தேர்வுகள் ஏறக்குறைய இவை:

1. தொடை முன்தசையின் பலம், நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நல்ல காலும் மாதக்கணக்கில் சும்மா இருந்து இளைத்திருந்தால் இந்தக் கணக்கே ஏமாற்றும் என்பதையும் பிசியோதெரபிஸ்ட்கள் கவனிப்பார்கள்.
2. ஒற்றைக்காலில் குதிக்கும் சோதனைகள். தூரம் மட்டுமல்ல, தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா என்பதும்.
3. களைப்புச் சோதனை. பனிச்சறுக்குக்கு இதுதான் மிக முக்கியம் என்பேன். வேல் ஊரில் உருவான ஒரு தேர்வில், இழுவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் மூன்று நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் தாவுவது, முன்னும் பின்னும் ஓடுவது. ஒரு முறை அழகாகக் குதித்துக் காட்டுபவர்கள் பலர் இரண்டாவது நிமிடத்தில் முழங்காலைக் கோணலாக்கிவிடுவார்கள்.
4. மனநிலை. விழுவோமோ என்ற பயத்தில் பின்னால் சாய்ந்து சறுக்குபவர், ஃபேன்டம் ஃபுட் நிலைக்கு ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டவர்.

இங்கே நாள்காட்டியில் ஒரு பொறி இருக்கிறது. பிப்ரவரியில் விழுந்து மார்ச் கடைசியில் அறுவை செய்துகொண்டால், ஒன்பது மாதம் டிசம்பர் கடைசியில் முடிகிறது. சரியாகக் கிறிஸ்துமஸ் விடுமுறை. டிக்கெட், அறை எல்லாம் முன்கூட்டியே போட்டாயிற்று. தசைப் பலம் 80 சதவீதத்தில் நிற்கிறது. 'பிரேஸ் போட்டுக்கொள்கிறேன்' என்ற வாக்கியம் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

பிரேஸ் வாங்கும்போது

அறுவைக்குப் பின் தொடை இளைத்திருக்கும், பயிற்சியில் மறுபடி தேறும். ஆகவே சீக்கிரம் அளவெடுத்தால் பருவம் வரும்போது பொருந்தாது. பனிக்குப் போவதற்குச் சில வாரம் முன்பு அளவெடுப்பது நல்லது.

ஸ்கீ பூட் கெண்டைக்காலில் பாதிவரை ஏறும். பிரேஸின் அடி விளிம்பு பூட்டின் மேல் விளிம்பில் இடித்தால் பிரேஸ் மேலே தள்ளப்பட்டு, கீல் முழங்கால் மடிப்பைவிட்டு விலகிவிடும். விலகிய கீல் உதவாது, உபத்திரவம்தான். பூட்டோடு போய்ப் போட்டுப்பார்க்க வேண்டும். தொடை கீழே குறுகிக்கொண்டே போவதால் பிரேஸ் நாள் முழுதும் கீழே இறங்கப் பார்க்கும். வெறும் தோலிலோ மெல்லிய ஒட்டிய உள்ளாடையின் மேலோ போட்டு, மேலே சறுக்குக் கால்சட்டை. பட்டைகளை நிறுவனம் எண் போட்டுக் கொடுத்த வரிசையிலேயே கட்ட வேண்டும். ஒவ்வோர் இடைவேளையிலும் ஒருமுறை சரிபார்க்கவும்.

அளவெடுத்துச் செய்தது, கடையில் வாங்கியது இரண்டில் எது காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பொருந்தினால் கடைப் பிரேஸே போதும். வழக்கத்துக்கு மாறான கால் அமைப்பு உள்ளவர்களுக்கு அளவெடுத்தது தேவைப்படலாம்.

பனியில் முதல் நாட்கள்

பிரேஸைப் பற்றி ஒரு மணி நேரம் கேள்வி கேட்பவர்கள் பைண்டிங்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. என் பார்வையில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

1. பைண்டிங் கழலும் அளவு உயரம், எடை, வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சறுக்கும் விதத்தில் 'நிதானமானவர்' என்று சொல்லுங்கள். பழைய சாகசம் அந்தப் படிவத்தில் வேண்டாம். காயத்துக்கு முன் வைத்த அளவை அப்படியே விடாமல் கடையில் சோதித்து வாங்குங்கள். இந்தியாவில் குல்மார்க்கிலோ ஆலியிலோ வாடகைக்கு எடுத்தாலும் இதே கேள்விதான்.
2. சீர்செய்யப்பட்ட எளிய சரிவுகள் மட்டும். மேடுபள்ளம், குதிப்பு, கனத்த ஈரப்பனி எல்லாம் வேண்டாம். வசந்தகால மதியத்தில் பனி இளகிக் கனக்கும். ஸ்கீ அதில் சிக்கினால் திருகல் நேராக முழங்காலுக்குத்தான்.
3. முதல் நாள் அரை நாள் போதும். தொடை நடுங்க ஆரம்பித்தால் கேபிள் காரில் இறங்கிவிடலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை.
4. விழத் தொடங்கினால் எதிர்த்துப் போராட வேண்டாம். கைகளை முன்னால் கொண்டுவாருங்கள், கால்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காலை நீட்டாதீர்கள். நழுவல் முழுதாக நிற்கும்வரை எழப் பார்க்காதீர்கள். பனிச்சறுக்குத் தலங்களின் மீட்புப் பணியாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வீடியோ காட்டி இந்த வகை விழிப்புணர்வைக் கற்றுக்கொடுத்த வெர்மான்ட் குழு, கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்ததாக 1995-இல் எழுதியது. பிரேஸ் விற்பவர் எவரும் இந்த எண்ணைச் சொல்லமாட்டார். இதற்குச் செலவே இல்லை.

பிரேஸை எப்போது கழற்றுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. முதல் பருவம் முழுதும் போட்டு, இரண்டாவதில் தசைப் பலமும் களைப்புத் தாங்கலும் நன்றாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. ஏசிஎல் அறுந்தும் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நீண்ட காலம் போடுவார்கள். ஒரு நிலைமையில் மட்டும் பிரேஸைக் காரணம் காட்டிச் சறுக்கவே கூடாது: படி இறங்கும்போதோ சமதளத்தில் திரும்பும்போதோ முழங்கால் நழுவுகிறது என்றால். ஒவ்வொரு நழுவலிலும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. அப்போது போக வேண்டிய இடம் ஸ்கீ கடை அல்ல, எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு எலும்பியல் டாக்டரிடம்.